இரட்டை 'சி' வரும் ஆங்கிலச் சொற்கள்: எழுத்தும் பொருளும் சேர்ந்தே பிடிபட ஒரு முழு வழிகாட்டி

நண்பன் ஒருவனுக்கு வேலை விண்ணப்பத்தோடு வைக்க ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். தலைப்பிலேயே பெரிய எழுத்தில் 'ரெக்கமண்டேஷன்', அதில் இரண்டு சி, ஒரு எம். உள்ளே மூன்றாவது பத்தியில் 'அக்காமடேட்' என்று ஒரு சொல், அதில் ஒரே ஒரு சி. அவன் இரண்டையும் சிவப்பில் வட்டம் போட்டு, படம் பிடித்து எனக்கே திருப்பி அனுப்பினான். ஒன்று போட வேண்டிய இடத்தில் இரண்டு, இரண்டு போட வேண்டிய இடத்தில் ஒன்று. மொத்தமாக எண்ணிப் பார்த்தால் மூன்று சி சரியாகத்தானே இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன், ஆனால் உள்ளுக்குள் அவமானமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து இந்த இரட்டை சி விவகாரத்தைத் தோண்டினேன். தோண்டத் தோண்ட ஒரு விஷயம் தெளிவாகியது: இந்தச் சொற்களில் பெரும்பாலானவை மனப்பாடம் செய்ய வேண்டியவையே இல்லை. இரண்டு துண்டுகளை ஒட்டிய இடத்தில்தான் அந்த இரண்டு சி நிற்கிறது. ஒட்டு எங்கே என்று தெரிந்துவிட்டால் எழுத்துக்கூட்டலும் வந்துவிடும், பொருளும் கூடவே வந்துவிடும். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதும் இல்லை, பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி விதி என்று சொல்லிக் கொடுத்தார்களே, ஏறக்குறைய அதேதான்.

ஒரு சின்ன ஏற்பாடு. எழுத்துகளின் பெயரைச் சொல்லியே காட்டப்போகிறேன். ஆங்கில அகரவரிசையில் நாலாவதாக வருவதை டி என்றும், இருபதாவதாக வருவதை டீ என்றும் குறிக்கிறேன். பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும்.

1. முதலில் காதை நம்புவதை நிறுத்துங்கள்

தமிழில் எழுத்து இரட்டித்தால் காதில் விழும். இலை வேறு, இல்லை வேறு. படம் வேறு, பட்டம் வேறு. நாக்கு ஒரு கணம் நின்றுதான் போகும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் இந்த நிற்றல் கிடையாது. 'அக்கவுண்ட்' என்று நாம் அழுத்திச் சொல்வதை அவர்கள் ஒரே ஒரு க் வைத்து 'அகவுன்ட்' என்பது போலத்தான் சொல்வார்கள், இரண்டாவது சி கண்ணுக்கு மட்டும்.

இதைவிடப் பெரிய வம்பு ஒன்று இருக்கிறது. தமிழில் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே ஒற்றைக் ககரம் வந்தால் அது 'பகல்' என்பதில் வருவது போல மெலிந்துவிடும், அழுத்தமான க் வேண்டுமானால் 'பக்கம்' போல இரட்டிக்கத்தான் வேண்டும். அதனால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் வாயில் போட்டதும் நாம் தானாகவே இரட்டித்துவிடுகிறோம்: ரெக்கார்டு, டாக்குமெண்ட், டெக்கரேஷன், எக்கனாமிக்ஸ், ரெக்கமண்ட். இந்த ஐந்திலும் நாம் இரட்டிக்கும் அந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சி தான். நான் கடிதத்தின் தலைப்பில் சறுக்கியது சரியாக இந்த இடத்தில்தான், கை எழுதியது காது சொன்னதை.

தாளில் இந்த ஐந்தையும் ஒற்றை சி வைத்து ஒருமுறை எழுதிவிடுங்கள். அப்புறம் மேலே போகலாம்.

2. ஒட்டுப் போட்ட இடத்தைத் தேடுங்கள்

பல் என்பதோடு நூல் சேர்ந்தால் என்ன ஆகும்? பன்னூல். ல் காணாமல் போய், அந்த இடத்தில் இரட்டை னகரம் நிற்கிறது. எண் கூட நூறு சேர்ந்தால் எண்ணூறு. இரண்டு ஒலிகள் உரசும்போது ஒன்று மற்றொன்றைப் போலவே மாறிவிடுகிறது. சொல்வதற்கு வசதி, அவ்வளவுதான் காரணம்.

லத்தீன் மொழிக்காரர்களுக்கும் அதே வாய், அதே சோம்பல். அவர்களிடம் 'அட்' என்று ஒரு முன்னொட்டு இருந்தது, 'நோக்கி', 'கிட்டே' என்று பொருள். இதைச் சியில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் வைத்தால் டி போய் அங்கேயும் சி வந்துவிடும். 'ஒப்' என்று ஒன்று, 'எதிரே', 'வழியில்' என்பது போன்ற பொருள். 'சப்' என்று இன்னொன்று, 'கீழே', 'அடுத்து'. இவற்றின் கடைசி எழுத்தும் சிக்கு முன்னால் சியாகிவிடும். ஆக, இரட்டை சியில் முதல் சி வேஷம் போட்டு நிற்கும் முன்னொட்டு, இரண்டாவது சிதான் அசல் சொல்லின் தலை.

வேஷம் போடாத இடத்திலும் அதே முன்னொட்டைப் பார்க்கலாம். 'அட்மிட்', 'அட்வெர்ப்' இரண்டிலும் டி அப்படியே உயிரோடு இருக்கிறது, ஏனென்றால் பக்கத்தில் எம்மும் வியும் வந்தால் அதற்குச் சங்கடம் இல்லை. எஃப் வந்தால் 'அஃபெக்ட்' என்று இரட்டை எஃப், என் வந்தால் 'அனவுன்ஸ்' என்று இரட்டை என், டீ வந்தால் 'அட்டெண்ட்' என்று இரட்டை டீ. ஒரே ஒரு விதி, எத்தனை சொற்களுக்கு வேலை செய்கிறது பாருங்கள். க்யூ வரும் இடத்தில் மட்டும் இரட்டை க்யூ ஆகாமல் சியாக மாறிக்கொள்ளும்: 'அக்வயர்', பெறுதல், 'அக்விட்', விடுதலை செய்தல். அந்தச் சொற்களில் க்யூவுக்கு முன்னால் வேண்டாத விருந்தாளி போல ஒரு சி உட்கார்ந்திருக்கிறதே, அதை எழுத மறந்துவிடுகிறோமே, அது வேறு யாரும் இல்லை, இந்த 'அட்' தான்.

3. ஏ-சி-சி எனத் தொடங்கும் குடும்பம்

கூட்டம் இங்கேதான் அதிகம், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

'அக்யுரேட்', துல்லியமான. 'க்யூரா' என்றால் லத்தீனில் அக்கறை, கவனிப்பு. ஒரு வேலைக்குள் அக்கறையைக் கொண்டுபோய்ச் செலுத்தினால் கிடைப்பது துல்லியம். இதே க்யூராவிலிருந்து வந்ததுதான் 'செக்யூர்', பாதுகாப்பான. அதன் முன்னொட்டு 'செ', 'இல்லாமல்' என்று பொருள், கவலை இல்லாத நிலை. அந்த முன்னொட்டு உயிரெழுத்தில் முடிகிறது, வேஷம் போட அங்கே மெய்யே இல்லை, ஆகவே ஒரு சி. நாம் 'செக்யூரிட்டி' என்று எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் ஒரு சி தான்.

'அக்யூஸ்', குற்றம் சாட்டுதல். 'காசா' என்றால் காரணம், வழக்கு என்றும் பொருள். வழக்கை நோக்கி ஒருவரை இழுப்பது அக்யூஸ், வழக்கிலிருந்து வெளியே விடுவது 'எக்ஸ்க்யூஸ்'. இரண்டும் அக்கா தங்கை.

'அக்கார்ட்', உடன்பாடு, 'கோர்', இதயம். மனம் மனத்தோடு சேர்வது. 'ரெக்கார்டு' என்பதற்குள்ளும் அதே கோர் இருக்கிறது, மனத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது என்ற கணக்கில் நினைவில் வைப்பது, பதிவு செய்வது. முன்னொட்டு 'ரி', ஆகவே ஒற்றை சி. ஒரே வேர், ஒன்றில் இரண்டு சி, மற்றதில் ஒன்று, காரணம் முன்னொட்டு மட்டும்தான்.

'அக்யுமுலேட்', குவித்தல், சேர்ந்துகொண்டே போதல். 'க்யுமுலஸ்' என்றால் குவியல், வானத்தில் பஞ்சுப் பொதி போல நிற்கும் மேகத்துக்கும் அதே பெயர். 'ஆக்சலரேட்', வேகம் கூட்டுதல்; 'செலர்' என்றால் வேகமான. 'ஆக்சென்ட்', பேச்சின் தொனி, அழுத்தம். பாட்டு என்று பொருள்படும் 'கான்டஸ்' உள்ளே இருக்கிறது, பேச்சோடு சேரும் பாட்டு, எவ்வளவு அழகான பெயர். 'அக்செப்ட்', ஏற்றுக்கொள்ளுதல், எடுத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. 'அக்ளெய்ம்', ஆரவாரமாகப் பாராட்டுதல், 'க்ளமாரே', கத்துதல்.

'அக்கவுண்ட்' கொஞ்சம் சுற்றி வந்த கதை. கணக்கிடுதல் என்று பொருள்படும் 'கம்ப்யுடாரே' என்ற லத்தீன் சொல் பழைய பிரெஞ்சு வாயில் தேய்ந்து குறுகி, அதன் பின் ஆங்கிலத்துக்கு வந்தது. ஆக அக்கவுண்டன்டும் கம்ப்யூட்டரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

'அக்கம்பனி', கூடப் போதல், என்ற சொல்லில் இரண்டு முன்னொட்டுகள்: 'அட்', அப்புறம் 'காம்', அதாவது 'சேர்ந்து'. மிச்சமிருப்பது 'பானிஸ்', ரொட்டி. சேர்ந்து ரொட்டி சாப்பிடுகிறவர்தான் 'கம்பேனியன்', அவரோடு போவது அக்கம்பனி. 'அக்காம்ப்ளிஷ்', செய்து முடித்தல், அதிலும் இதே இரண்டு முன்னொட்டுகள், உள்ளே நிரப்புதல் என்ற வேர்.

இப்போது என் கடிதத்தை நாறடித்த 'அக்காமடேட்'. இடமளித்தல், ஒருவருடைய தேவைக்கு ஏற்றபடி வளைந்துகொடுத்தல் என்று பொருள். 'அட்', 'காம்', 'மோடஸ்' என்று மூன்று துண்டுகள். மோடஸ் என்றால் அளவு. இரண்டு ஒட்டு, இரண்டு இரட்டை. அட்டும் காமும் சேரும் இடத்தில் இரண்டு சி, காமும் மோடஸும் சேரும் இடத்தில் இரண்டு எம். இது புரிந்த பிறகு ஒருநாளும் எனக்கு இந்தச் சொல்லில் சந்தேகம் வந்ததில்லை. அதே கத்தியால் 'ரெக்கமண்ட்' என்பதையும் வெட்டிப் பாருங்கள்: 'ரி', 'காம்', 'மண்ட்'. ரிக்கும் காமுக்கும் நடுவே மாறுவதற்கு ஒன்றும் இல்லை, ஒரு சி. காமின் எம்மும் மண்டின் எம்மும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டு எம். முடிந்தது.

மேலே பார்த்த க்யூ சொற்களை விட்டுவிட்டால், ஏ-சி என்று ஒற்றையாகத் தொடங்கும் சொற்களில் பொதுவாக இந்த ஒட்டு கிடையாது. 'அகாடமி', 'அகூஸ்டிக்' இரண்டும் கிரேக்கத்திலிருந்து வந்தவை. 'அக்யூட்' ஊசி என்ற சொல்லிலிருந்து வந்தது, கூர்மையான, கடுமையான என்று பொருள். பலரும் தடுக்கி விழுவது 'அக்ராஸ்', குறுக்கே, என்பதில்தான். 'க்ராஸ்' என்ற சொல் அங்கே முழுசாக இருக்கிறது, முன்னால் ஒரு ஏ மட்டும் ஒட்டியிருக்கிறது, அந்த ஏ நம்முடைய 'அட்' இல்லை. ஒரு சி போதும்.

4. 'விழுதல்' என்ற ஒரே வேரில் மூன்று சொல்

லத்தீனில் 'காடெரே' என்றால் விழுதல். இந்த ஒன்றை மட்டும் தனியாக எடுத்துக் காட்டுகிறேன், எனக்குப் பிடித்த குடும்பம்.

'ஆக்சிடென்ட்', விபத்து: அட் கூட காடெரே. மேலே வந்து விழுந்தது. தலையில் வந்து விழுந்தது என்று நாம் சொல்வோமே, அதேதான். 'அக்கேஷன்', தருணம்: ஒப் கூட காடெரே. நம் வழியில் விழுந்த ஒன்று, கிடைத்த வேளை. 'ஆக்சிடென்ட்' போலவே காதில் விழும் இன்னொன்று 'ஆக்சிடன்ட்', ஓவில் தொடங்கும், மேற்கு என்று பொருள். பொழுது விழுகிற திசை. மூன்றிலும் இரண்டு சி, மூன்றிலும் ஏதோ ஒன்று விழுகிறது.

அக்கேஷனில் இன்னொரு இடறல்: சி இரண்டு, எஸ் ஒன்று. பலர் தலைகீழாகப் போட்டுவிடுவார்கள். ஒட்டு சியில் இருக்கிறது, எஸ் பக்கத்தில் ஒட்டே இல்லை, இரட்டிக்க என்ன அவசியம்?

5. ஓ-சி-சி, எஸ்-யூ-சி-சி

ஓ பக்கம் ஆட்கள் குறைவு. 'ஆக்யுபை', இடத்தைப் பிடித்தல், வசித்தல். 'அக்கல்ட்', மறைபொருளான, மாந்திரீகம் சார்ந்த. 'அக்லூட்', அடைத்தல், 'க்ளோஸ்' என்ற சொல்லுக்கும் இதற்கும் ஒரே வேர். பிறகு 'அக்கர்', நிகழ்தல். அதில் இருப்பது 'குர்ரெரே', ஓடுதல். எதிரே ஓடி வந்தது என்று பொருள். திடீரென்று ஒரு யோசனை தோன்றினால் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லைத்தான் போடுவார்கள், மனசுக்கு எதிரே ஓடி வந்து நின்றது என்பது போல. 'ரிக்கர்', மறுபடி நிகழ்தல், 'இன்கர்', செலவோ நஷ்டமோ வரவழைத்துக்கொள்ளுதல், இவற்றின் முன்னொட்டு வேறு என்பதால் ஒரு சி.

அக்கர் என்பதோடு விகுதி சேரும்போது வாலிலும் ஓர் இரட்டை முளைக்கும். சொல்லின் அழுத்தம் கடைசி அசையில் இருப்பதால் 'அக்கர்ட்', 'அக்கரிங்', 'அக்கரன்ஸ்' எல்லாவற்றிலும் இரண்டு ஆர். சி இரண்டு, ஆர் இரண்டு. ஆனால் இந்த ஆர் வேறு கதை, முன்னொட்டோடு சம்பந்தமில்லை, கலந்து குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எஸ்-யூ பக்கத்தில் ராஜா 'சக்ஸீட்'. போதல் என்ற வினைக்கு முன்னால் சப். ஒருவருக்கு அடுத்து வருதல் என்பதுதான் அசல் பொருள், அதனால்தான் வாரிசுக்கு 'சக்ஸஸர்' என்று பெயர். வெற்றி பெறுதல் என்ற பொருள் பின்னால் சேர்ந்தது, ஒரு காரியத்தின் பின்னால் வரும் நல்ல முடிவு என்ற வழியில். எழுதும்போது சி இரண்டு, ஈ இரண்டு. 'சக்ஸஸ்' என்று பெயர்ச்சொல்லானால் சி இரண்டு, எஸ் இரண்டு. இதோடு ஒரு பக்கக் குறிப்பு: சி-ஈ-ஈ-டி என்று முடியும் வினைகள் இது, 'எக்ஸீட்', 'ப்ரொஸீட்' என்று மூன்றே மூன்றுதான். 'அக்ஸீட்', இணங்குதல், பதவியேற்றல், உட்பட மற்றவை சி-ஈ-டி-ஈ என்று முடியும். 'சூப்பர்ஸீட்' மட்டும் எஸ் போட்டுக்கொள்ளும். அதன் வேர் உட்காருதல்.

மற்றவற்றைப் பார்ப்போம். 'சக்கம்', அடிபணிந்துபோதல், நோய்க்குப் பலியாதல். கீழே படுத்துவிடுதல் என்பது வேர்ப்பொருள், இதில் கடைசியில் வரும் பி வாயில் வராது, எழுத்தில் மட்டும் உண்டு. 'சக்கர்', உதவி, கீழிருந்து தாங்க ஓடி வருதல், அக்கரில் இருந்த அதே ஓட்டம். 'சக்சிங்க்ட்', சுருக்கமாகவும் கச்சிதமாகவும் சொல்லப்பட்ட. உடையை மேலே இழுத்து இடுப்பில் செருகிக் கட்டியது என்பதுதான் அதன் தொடக்கம், தொங்குவதற்கு ஒன்றும் இல்லாத பேச்சு. 'சக்யுலன்ட்', சாறு நிறைந்த. இது மட்டும் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, சாறு என்ற லத்தீன் சொல்லிலிருந்து நேராக வந்தது, முகம் மட்டும் ஒத்துப்போகிறது.

6. க் என்பதா, க்ஸ் என்பதா?

இது சுலபம், விதி அநேகமாக மீறப்படுவதே இல்லை. இரட்டை சிக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பாருங்கள். ஈ, ஐ, ஒய் என்ற மூன்றில் ஒன்று வந்தால் முதல் சி க், இரண்டாவது சி ஸ்: ஆக்சிடென்ட், சக்ஸஸ், அக்செப்ட், வாக்சின். வேறு எது வந்தாலும் வெறும் க்: அக்கவுண்ட், அக்கர், அக்ளெய்ம். ஒய் வருவதற்கு உதாரணம் தேடினால் முதுகெலும்பின் வால் எலும்பு கிடைக்கிறது, 'காக்சிக்ஸ்'. குயிலின் அலகு போல இருப்பதால் கிரேக்கத்தில் குயிலின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

விதியை மீறுகிறவர்களில் பெரிய ஆள் 'சாக்கர்', கால்பந்து. இரட்டை சிக்குப் பின்னால் ஈ இருக்கிறது, விதிப்படி 'சாக்ஸர்' என்றல்லவா வர வேண்டும்? 1863-இல் இங்கிலாந்தில் தொடங்கிய கால்பந்துச் சங்கத்தின் விதிப்படி ஆடும் ஆட்டத்துக்கு 'அசோசியேஷன் ஃபுட்பால்' என்று பெயர். அந்த அசோசியேஷனின் நடுத்துண்டை மட்டும் வெட்டியெடுத்து, வாலில் ஒரு விகுதியைச் செருகி மாணவர்கள் பேச்சுவாக்கில் செய்த சொல்தான் சாக்கர். விளையாட்டாகப் பிறந்தது, விதியைப் பார்த்துப் பிறக்கவில்லை. உளவு பார்த்து வருவதைக் குறிக்கும் 'ரெக்கி' என்ற ராணுவப் பேச்சு வழக்கும் இப்படித்தான், ஒரு நீளச் சொல்லைச் சுருக்கியதில் வந்தது. 'ஃப்ளாக்ஸிட்', தொய்ந்துபோன, என்ற சொல்லைச் சிலர் க்ஸ் என்றும் சிலர் வெறும் ஸ் என்றும் சொல்கிறார்கள்; அகராதிகள் இரண்டையும் ஏற்றுக்கொள்கின்றன.

இத்தாலியிலிருந்து வந்தவர்களுக்கு வேறு சட்டம். அங்கே இரட்டை சிக்குப் பின்னால் ஐயோ ஈயோ வந்தால் ச்ச என்ற ஒலி, 'காப்புச்சினோ' போல. அதே காரணத்தால்தான் 'ஜுகினி' என்ற காயின் பெயரில் இரட்டை சிக்குப் பின்னால் ஒரு எச் நுழைக்கப்பட்டிருக்கிறது. எச் இல்லாவிட்டால் அது ச்ச ஆகிவிடும், எச் நடுவில் நின்று க் ஒலியைக் காப்பாற்றுகிறது.

7. எக்ஸோடு வரும் சண்டை

க்ஸ் என்று காதில் விழுந்தால் இரட்டை சியா, எக்ஸா? பொருளைக் கேளுங்கள். 'எக்ஸ்' என்றால் வெளியே, 'அட்' என்றால் நோக்கி, கிட்டே. 'அக்செப்ட்' கிட்டே எடுத்துக்கொள்வது, 'எக்ஸெப்ட்' வெளியே எடுத்து வைப்பது, அதாவது தவிர. 'ஆக்சஸ்' ஓரிடத்துக்குப் போகும் வழி, 'எக்ஸெஸ்' எல்லை தாண்டி வெளியே போனது, அதிகப்படி. ஒருவருடைய அழைப்பை ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுத நினைத்து எக்ஸ் போட்டுவிட்டால் அவரைத் தவிர்த்துவிட்டேன் என்ற வாடை வரும், கவனம்.

வெளியே என்ற பொருள் இருந்தும் இரட்டை சி போட்டுக்கொள்ளும் ஒரு சொல் உண்டு: 'எக்சென்ட்ரிக்', விசித்திரப் போக்குள்ளவர். இது கிரேக்கம். அங்கே வெளியே என்பதற்கு 'எக்', மையம் 'கென்ட்ரான்'. மையத்திலிருந்து விலகி நிற்பவர். எக்கில் எக்ஸ் என்ற எழுத்தே கிடையாது.

8. ஒட்டு இல்லாதவை

இவற்றைத் தனித்தனியாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதை இருப்பதால் அவ்வளவு கசக்காது.

'வாக்சின்'. 'வாக்கா' என்றால் லத்தீனில் பசு. எட்வர்ட் ஜென்னர் 1796-இல் மாட்டம்மையின் சீழை எடுத்து ஒரு சிறுவனுக்குச் செலுத்தி, அவனைப் பெரியம்மை தாக்காது என்று காட்டினார். 1798-இல் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். மாட்டோடு சம்பந்தப்பட்டது என்ற பொருளில் பிறந்த சொல், பிறகு 1881-இல் லூயி பாஸ்டர் சொன்னபடி எல்லாத் தடுப்பு மருந்துக்கும் பொதுப் பெயராகியது. பசுவின் பெயரிலேயே இரண்டு சி இருக்கிறது. என் மட்டும் ஒன்று, 'வாக்சினேட்' ஆனாலும் ஒன்றுதான்.

'சாக்கரின்' என்ற செயற்கை இனிப்பு, 1879-இல் கான்ஸ்டான்டின் ஃபால்பெர்க் கண்டுபிடித்தது. சி-சி-எச் என்று எழுத வேண்டும். கிரேக்கத்தில் சர்க்கரைக்கு 'சாக்கரான்', அது சமஸ்கிருத 'சர்க்கரா'விலிருந்து போனது. நாம் சொல்லும் சர்க்கரையும் அதே சொல்தான், 'சுகர்' என்பதும் அதேதான், வேறு வழியாகச் சுற்றி வந்தது. நமக்குத் தெரிந்த சொல்லின் தூரத்துச் சொந்தம் என்று நினைத்தால் அந்த எச் கூட மறக்காது.

'இம்பெக்கபிள்', குறையே இல்லாத. 'பெக்காரே' என்றால் பாவம் செய்தல், பாவமே இல்லாதது. 'டெசிக்கேட்', ஈரமெல்லாம் போக உலர்த்துதல். 'சிக்கஸ்' என்றால் உலர்ந்த. இதில் ஒரு எஸ், இரண்டு சி, இதை மாற்றிப் போடாதவர் அபூர்வம்.

இசைக்காரர்களிடமிருந்து 'ஸ்டக்காட்டோ', விட்டு விட்டு வாசிப்பது, 'பிக்கலோ', சின்னஞ்சிறு புல்லாங்குழல். இத்தாலிய மொழியில் பிக்கலோ என்றாலே சின்னது. 'ப்ராக்கலி' என்றால் தளிர் போன்றது, சி இரண்டு, எல் ஒன்று. 'டொபாக்கோ', புகையிலை, ஸ்பானிய மொழியில் ஒற்றை சி தான், ஆங்கிலம் இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டது. 'ரக்கூன்' என்ற விலங்கும் 'மாக்கசின்' என்ற மென்தோல் காலணியும் வட அமெரிக்கப் பழங்குடி மொழிகளிலிருந்து வந்தவை. 'ஹிக்கப்', விக்கல், ஒலியைக் கேட்டு வைத்த பெயர், நம் விக்கல் மாதிரியே.

9. இரட்டை சி போடவே கூடாத இடம்

ஒற்றை சியில் முடியும் வினையோடு விகுதி சேர்க்கும்போது கை தானாக இன்னொரு சியைப் போடப் பார்க்கும். 'பிக்னிக்' போனோம் என்று இறந்த காலத்தில் எழுத வேண்டும், ஸ்டாப் என்பதில் கடைசி எழுத்தை இரட்டித்தது போல இங்கேயும் இரட்டிக்கலாமே? கூடாது. பின்னால் ஈ வருகிறது, ஆறாவது படியில் பார்த்த விதிப்படி அது 'பிக்னிக்ஸ்ட்' ஆகிவிடும். அதனால் சிக்குப் பிறகு ஒரு கே போட்டு ஒலியைக் காப்பாற்றுகிறார்கள். 'பேனிக்', பதறுதல், 'மிமிக்', ஒருவரைப் போல நடித்துக் காட்டுதல், 'ட்ராஃபிக்', கடத்துதல், எல்லாவற்றுக்கும் இதே சி-கே வைத்தியம்.

10. எழுதும்போது எப்படிப் பயன்படுத்துவது

சந்தேகம் வந்த சொல்லைத் தாளில் எழுதி, முதல் சிக்கும் இரண்டாவது சிக்கும் நடுவே செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு இடப்பக்கம் அக், ஒக், சக், எக் இவற்றில் ஒன்று தனியாக நிற்கிறதா? வலப்பக்கம் சியில் தொடங்கும் ஏதாவது ஒரு வேர், விழுதல், ஓடுதல், எடுத்தல், போதல், அக்கறை என்று, தட்டுப்படுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் இரண்டு சி. இடப்பக்கம் ரி, டி, செ போல உயிரில் முடியும் துண்டு இருந்தால் ஒரு சி. முன்னால் இன்னொரு முன்னொட்டு சேர்ந்திருந்தால் அதை உரித்துவிட்டுப் பாருங்கள்.

நாலு சொல் தருகிறேன், செய்து பாருங்கள். 'இனாக்யுரேட்', 'ப்ரீஆக்யுபைட்', 'அக்கேஷனலி', 'இன்செக்யூர்'.

முதலாவதில் முன்னால் இருக்கும் இல்லை என்ற துண்டை உரித்தால் அக்யுரேட் மிஞ்சும், இரண்டு சி. இரண்டாவது, ஏற்கெனவே வேறெதிலோ மூழ்கிப்போன மனம். உரித்தால் ஆக்யுபை, இரண்டு சி. மூன்றாவதில் சி இரண்டு, எஸ் ஒன்று, எல் இரண்டு, ஏனென்றால் அக்கேஷனல் என்பதன் எல் ஒன்று, விகுதியின் எல் ஒன்று. நாலாவதில் இல்லை என்ற துண்டை எடுத்தால் செ, க்யூர், ஒரு சி.

என் கடிதத்தைத் திருத்தி மறுபடி அனுப்பினேன், சி எல்லாம் கச்சிதம். அரைமணி நேரத்தில் அவனிடமிருந்து இன்னொரு படம் வந்தது. 'சக்ஸஸ்ஃபுல்' என்பதன் வாலில் இரண்டு எல் போட்டிருந்தேன்.